ஃப்ரீ கிரெடிட்... மீட்டர் ஓடுது பாஸ்!

"மச்சி, ஃப்ரீனுதானேடா போட்டிருந்தான்?" மயிலாப்பூர் மெஸ்ஸில் சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு என் கிளாஸ்மேட் அலறியபோது, அவன் அப்பா மொபைலுக்கு கிரெடிட் கார்டு மெசேஜ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மினி புராஜெக்ட்டுக்காக கிளவுட் அக்கவுன்ட் திறந்தவன், டெமோ முடிந்ததும் அதை மறந்தே போய்விட்டான். மெஷின் மறக்குமா? ராத்திரி பகலா ஓடியிருக்கு!

விஷயம் என்னன்னா, 'ஃப்ரீ' என்ற ஒரே வார்த்தைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறது.

கூகுள் கிளவுடில் புதுசா சேர்ந்தால் 300 டாலர் கிரெடிட். ஆனால் 90 நாள்தான். பாக்கி இருந்தாலும் அதற்குப் பிறகு செல்லாது. அந்த ட்ரையலில் ஜி.பி.யு.வும் சேர்க்க முடியாது. ஏ.ஐ. புராஜெக்ட் கனவோடு போனவர்களுக்கு அங்கேயே புஸ்ஸ்! ஆறுதல் ஒன்று உண்டு... நீங்களாக ஃபுல் அக்கவுன்ட்டுக்கு மாறாதவரை கார்டில் கை வைக்க மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் அஸ்யூரில் எல்லாருக்கும் 200 டாலர், 30 நாள். நமக்கு அதைவிட பெஸ்ட், மாணவர்களுக்கான திட்டம். 100 டாலர், 12 மாதம், கார்டே வேண்டாம்! படிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் புதுப்பிக்கலாம். (அஸ்யூரின் 'சவுத் இந்தியா' டேட்டா சென்டர் 2015-லிருந்து இருப்பது வேறெங்கும் இல்லை, நம்ம சென்னையில்தான்.)

அமேசான் கதை கொஞ்சம் சிக்கல். 2025 ஜூலை 15-க்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு 12 மாதம், மாதம் 750 மணி நேரம் சின்ன மெஷின் ஃப்ரீ. 31 நாளுக்கு 744 மணி நேரம். அதனால் ஒரு மெஷின் தூங்காமல் ஓடலாம். ரெண்டாவதையும் ஓட விட்டால் பாதி மாசத்திலேயே மீட்டர் விழுந்துவிடும். தானாக நிற்காது, நேரா பில்தான்! புதுசா சேருபவர்களுக்கு 100 டாலர், சில பயிற்சிகளை முடித்தால் இன்னும் 100 வரை. ஃப்ரீ பிளானில் ஆறு மாசமோ கிரெடிட்டோ, எது முதலில் தீர்ந்தாலும் அக்கவுன்ட் மூடிக்கொள்ளும். சீனியர் எழுதிக்கொடுத்த பழைய குறிப்பை நம்பி இறங்காதீங்க.

சரி, "நான்தான் ஸ்டாப் பண்ணிட்டேனே!" என்பவர்களுக்கு... பைக்கை ஆஃப் பண்ணிட்டாலும் தி.நகர் பார்க்கிங்கில் காசு ஏறுதா இல்லையா? அதே கணக்குதான். மெஷின் நின்றாலும் டிஸ்க்குக்கு மீட்டர் ஓடும். அதை டெலீட் பண்ணினால்தான் நிற்கும். அமேசானில் 2024 பிப்ரவரி 1 முதல் பப்ளிக் ஐ.பி. முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகை. சில்லறைதானேனு விட்டால் 30 நாளில் 3.60 டாலர்! பட்ஜெட் அலர்ட் கட்டாயம் போடுங்க. ஆனால் அது சும்மா மெயில்தான் அனுப்பும், மெஷினை நிறுத்தாது.

நம்ம ஆள் அன்றைக்கே எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு, தெரியாமல் நடந்ததுனு கம்பெனிக்கு சப்போர்ட் டிக்கெட் போட்டிருக்கிறான். பதில் வரும் வரை அடையாறிலிருந்து காலேஜுக்கு பஸ்தான். பைக் சாவி அப்பாவிடம்!