ஏல மண்டபத்திலிருந்து இணையத்துக்கு

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பமானது. அன்று முதல் வாங்குவோர் ஒரே மண்டபத்தில் கூடி, குரல் கொடுத்தே விலை கேட்டு வந்தனர். 2020 மார்ச்சில் கொவிட் ஊரடங்கு வந்தது. ஏலம் நின்றால் ஹட்டன், நுவரெலியா தொழிற்சாலைகளுக்குப் பணம் வராது. தோட்டத்தில் சம்பளம் தடைப்பட்டால் நகரத்துக் கடைகளிலும் வியாபாரம் படுத்துவிடும். ஏப்ரல் 4ஆம் திகதி ஏலம் முதன்முறையாக இணையத்தில் நடைபெற்றது.

சிறு வர்த்தகர்களுக்கும் இதில் பாடம் உண்டு. புறக்கோட்டையில் சரக்குப் பார்க்க ஒரு நாள் பஸ் பயணம் தேவையில்லை. துணியின் நிறத்தை வீடியோவில் பார்த்தே ஓடர் கொடுக்கலாம். வாடிக்கையாளரின் பணத்தை லங்காகியூஆர் மூலம் பெறலாம். ஆனால் இணைப்பு மந்தமானால், நாம் விலை கேட்டு முடிப்பதற்குள் சரக்கு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மலையகத்தில் ஒரு சிக்கல். மலை மறைத்தால் 4ஜி அலைவரிசை பலவீனமடையும். நகரத்தில் கிடைக்கும் பைபர் இணைப்பு அடுத்த தோட்டத்துக்கு எட்டாமலிருக்கலாம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்துள்ளது. அதற்குத் திறந்த வானம் வேண்டும்.

எனவே இணைப்பு எடுக்குமுன், மழை நாளிலும் மாலை வேளையிலும் வேகம் எப்படி என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். மாதக் கட்டணத்தையும் மிச்சமாகும் பயணச் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்தால் தாமதிக்க வேண்டாம்.