தோட்டக் கதவும் கைபேசிப் பூட்டும்



தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் நீண்டதொரு வாசகம் வரும். தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம், சூசன்னாவின் வரலாறு. வாசிக்க வருகிறவர்கள், "சாமி, சின்ன வாசகத்தையே வாசிச்சிடட்டுமா?" என்று கேட்பது நம் பங்கில் வழக்கம். பாபிலோனில் வாழ்ந்த யோவாக்கிமின் மனைவி சூசன்னா, வெப்பம் மிகுந்த ஒரு நாளில் தம் தோட்டத்தில் குளிக்க விரும்புகிறார். கதவுகளை மூடச் சொல்கிறார். பணிப்பெண்களும் மூடிவிட்டுப் போகிறார்கள். ஆனால் மக்களுக்கு நடுவர்களாக இருந்த முதியோர் இருவர் முன்பே உள்ளே ஒளிந்திருக்கிறார்கள். எங்களுக்கு இணங்கு, இல்லையேல் ஓர் இளைஞனோடு உன்னைக் கண்டதாகச் சாட்சி சொல்வோம் என்று மிரட்டுகிறார்கள்.

இந்தப் பகுதியை மறையுரையில் விளக்கும்போதெல்லாம், எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று இருவரையும் தனித்தனியே விசாரித்த இளம் தானியேலின் ஞானத்தைப் பற்றியே நாம் பேசி வந்தோம். சூசன்னா மூடச் சொன்ன அந்தக் கதவைப் பற்றிப் பேசியதில்லை. 2021-ஆம் ஆண்டில் நம் பங்கு இல்லத்துக்கு ஒரு சகோதரி வந்து அழுத பிறகுதான் அந்தக் கதவு நம் கண்ணில் பட்டது. (இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதல்ல. பங்கு இல்லத்தில் அமர்ந்து சொன்னது; மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார்.)

கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். வீட்டில் மாமியாரும் கைக்குழந்தையும். கொரோனா காலத்தில் கணவருக்குச் சம்பளம் தடைபட்டபோது, கைபேசியில் கண்ட ஒரு கடன் செயலி மூலம் ஐயாயிரம் ரூபாய் வாங்கினார். செயலியை நிறுவும்போது எதையெதையோ அனுமதிக்கச் சொல்லிக் கேட்டது. பணம் வந்தால் போதும் என்று எல்லாவற்றையும் அனுமதித்தார். தவணை தாமதமானது. ஒரு நாள் காலையில், அவருடைய கைபேசியில் பெயர் பதிந்திருந்த பலருக்கும் ஒரு படம் போய்ச் சேர்ந்தது. குழந்தைக்குப் பாலூட்டும் படம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கணவர் கேட்டதற்காக எடுத்தது. அதன் கீழே எழுதக்கூடாத சொற்கள். அன்பியப் பொறுப்பாளர், மகளிர் குழுத் தோழிகள், வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அம்மா என்று எல்லாருக்கும் போயிருந்தது.

அவர் சொன்னவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் நம் காதில் நிற்கிறது. "சாமி, நான் எதையும் மறைச்சு வைக்கலை. முன்னாடி போனுக்குப் பூட்டு போட்டிருந்தேன். 'ஒழுங்கா இருக்கிறவளுக்குப் பூட்டு எதுக்கு'ன்னு அத்தை கேட்டாங்க. தப்பா நினைச்சிடுவாங்களேன்னு எடுத்துட்டேன்."

திரைப்பூட்டு இருந்திருந்தாலும் அந்தச் செயலியை அது தடுத்திருக்காது. அதை அவரிடம் சொன்னோம். ஆனால் அத்தை கேட்ட கேள்வி அந்த வீட்டில் மட்டும் கேட்கப்படுவது அல்ல. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் மணமகன்களும் அதையே கேட்கிறார்கள். வெளிப்படாதபடி மறைந்திருப்பது ஒன்றுமில்லை என்று ஆண்டவரே சொன்னாரே என்று மத்தேயு நற்செய்தியைக் காட்டுகிறவர்களும் உண்டு. அதே ஆண்டவர்தாம் அதே நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், இறைவேண்டல் செய்யும்போது அறைக் கதவை அடைத்துக்கொள்ளச் சொல்கிறார். தருமத்தையும் நோன்பையும் மறைவாய்ச் செய்யச் சொல்கிறார். திருநீற்றுப் புதனன்று ஆண்டுதோறும் அதை நாம் கேட்கிறோம். வெளிவேடக்காரனின் மறைவு வேறு, அன்பின் மறைவு வேறு.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஒன்பதாம் கட்டளையை விளக்கும் இடத்தில் (எண் 2521 முதல் 2524 வரை) நாணம் என்னும் நற்பண்பைப் பற்றிப் பேசுகிறது. ஒரு மனிதரின் உள்ளார்ந்த மையத்தைக் காப்பது நாணம் என்றும், மறைவாய் இருக்க வேண்டியதைத் திறந்து காட்ட மறுப்பது அதன் இயல்பு என்றும் அது கற்பிக்கிறது. உடல் அசுத்தமானது, அதனால் மூடு என்று அது சொல்லவில்லை. உடல் மாண்புள்ளது, அதனால் கண்டவர் கண்ணுக்கெல்லாம் அது விருந்தல்ல என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டும் (எண் 26) தனிவாழ்வைக் காத்துக்கொள்வதை மனிதரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. திருச்சபைச் சட்டம் 220, பிறரின் நற்பெயரையும் தனிவாழ்வையும் மீறுவதைத் தடை செய்கிறது. நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது 2017-இல்தான்.

நம் ஆலயத்தையே பாருங்கள். நற்கருணைப் பேழை உறுதியானதாகவும், உள்ளே இருப்பது தெரியாததாகவும், பூட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும், அதன் சாவியைக் கவனமாய்க் காக்க வேண்டும் என்கிறது சட்டம் 938. அந்தப் பூட்டைப் பார்த்து, உள்ளே ஏதோ குற்றம் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஒப்பீட்டை மிகவும் நீட்டிவிடக் கூடாது. கைபேசி நற்கருணைப் பேழை அல்ல. ஆனாலும் அந்த அத்தைக்கு நாம் சொன்ன பதில் இதுதான். அவருக்கு அது உடனே விளங்கியது.

எல்லாப் பூட்டும் நல்ல பூட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. வாழ்க்கைத் துணைக்குச் செய்கிற துரோகத்தை ஒளிக்கவும் அதே பூட்டுத்தான் பயன்படுகிறது. இதில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் படத்தை யாரிடமிருந்து மறைக்கிறோம்? பார்க்க உரிமையில்லாதவரிடமிருந்தா, அல்லது நம்மை நம்பி வாழ்பவரிடமிருந்தா? பதில் அவரவர் மனச்சான்றுக்குத் தெரியும். அதை அறிய மனைவியின் கைபேசியை இரவில் எடுத்துத் துழாவுவது விசாரணையே தவிர இல்லறம் அல்ல.

சரி, எப்படிப் பூட்டுவது? நம் பங்கு இளைஞர் இயக்கத் தம்பிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நாமே செய்து பார்த்ததையும் சொல்கிறோம்.

கூகுள் போட்டோஸ் செயலியில் 'லாக்டு ஃபோல்டர்' என்று ஒன்று 2021-இல் வந்தது. அதற்குள் நகர்த்திய படம் பொதுப் படங்களின் வரிசையில் தெரியாது. படங்களைப் பார்க்க அனுமதி பெற்ற மற்றச் செயலிகளுக்கும் அது அகப்படாது. திறக்கக் கைரேகையோ எண்ணோ வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கோப்புறைக்கான காப்புப்பிரதி வசதியை நாமாக இயக்கினால்தான் அதிலுள்ளவை கூகுள் கணக்கில் சேமிக்கப்படும். இயக்காமல் இருந்து, கைபேசி தொலைந்தாலோ செயலியை நீக்கிவிட்டாலோ படங்கள் போய்விடும். குழந்தையின் முதல் படத்தை அப்படி இழந்த ஒரு தந்தையை நாம் அறிவோம். சாம்சங் கைபேசிகளில் 'செக்யூர் ஃபோல்டர்' என்ற தனி அறை இருக்கிறது. ஐபோனில் படங்களை மறைக்கும் 'ஹிடன்' ஆல்பம் முன்பே உண்டு; ஆனால் அது பூட்டில்லாத அலமாரியாகவே இருந்தது. 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல்தான் அதைத் திறக்க முகமோ கைரேகையோ கடவெண்ணோ கேட்கிறது. கடவெண் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த திருமண நாளாக இருந்தால் இவற்றுள் எதுவும் பயன்படாது.

கால்குலேட்டர் போலத் தோன்றி உள்ளே படங்களை ஒளிக்கும் செயலிகள் இளைஞரிடையே பரவியிருக்கின்றன. அவற்றை நாம் பரிந்துரைப்பதில்லை. யார் செய்தது, படங்கள் எங்கே போகின்றன என்று தெரியாத பெட்டியில் நகையை வைப்பது போன்றது அது. கைபேசியோடு வருகிற பூட்டே போதும்.

அழித்த படம் உடனே அழிந்துவிடுவதில்லை என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஐபோனில் ஏறத்தாழ 30 நாட்கள், கூகுளில் காப்புப்பிரதி எடுக்கப்பட்ட படம் 60 நாட்கள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். அங்கேயும் போய் நீக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது நம் பூட்டுக்கு வெளியே போய்விட்டது. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பினாலும், பெறுகிறவர் இன்னொரு கைபேசியால் அந்தத் திரையைப் படம் எடுத்துவிட முடியும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கடைக்காரர் கடவெண் கேட்பார். அப்போது படங்களை மூடிவைக்கும் 'மெயின்டனன்ஸ் மோட்' பல சாம்சங் கைபேசிகளில் இருக்கிறது. கொடுக்கும் முன் அதை இயக்கிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அனுமதிகள். தோட்டத்துக்குள் முதியோர் முன்பே ஒளிந்திருந்தது இந்த வழியாகத்தான். அமைப்புகளுக்குள் சென்று, எந்தெந்தச் செயலிகள் நம் படங்களைப் பார்க்க அனுமதி பெற்றிருக்கின்றன என்று பாருங்கள், தேவையற்றவற்றை நீக்குங்கள். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2023-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதலும், எல்லாப் படங்களையும் கொடுக்காமல் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் கொடுக்க வழியிருக்கிறது. டிஜிட்டல் கடன் செயலிகள் கைபேசியின் படங்களையும் தொடர்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. அந்தச் சகோதரிக்கு அது ஓராண்டு தாமதம். விதிக்குக் கட்டுப்படாத செயலிகளிடம் இன்றும் எச்சரிக்கை வேண்டும்.

இனி, நமக்குச் சொல்லக் கடினமான பகுதி. அந்தப் படம் நம் பங்கு மக்கள் பலருக்கு வந்தது. ஒருவர், "இது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டு இன்னொரு குழுவுக்கு அனுப்பினார். அவர் கெட்டவர் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர். மீன் கொண்டுவரும் அம்மாவோ, படத்தை உடனே நீக்கிவிட்டு, கூடையோடு நேரே அந்த வீட்டுக்குப் போய், "புள்ளைக்குப் பால் குடுத்தியா? நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாராம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொடக்கநூல் 9-ஆம் அதிகாரத்தில் நோவா ஆடையின்றிக் கிடந்தபோது காம் அதைக் கண்டு, வெளியே வந்து சகோதரர்களிடம் சொன்னான். சேமும் எப்பேத்தும் ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னாகவே நடந்துபோய்த் தந்தையை மூடினார்கள். காமின் பிழை தற்செயலாகக் கண்டதில் இல்லை என்றே நாம் நினைக்கிறோம். வெளியே வந்து சொன்னதில் இருக்கிறது. படத்தை அனுப்பிய அந்தச் சகோதரரிடம் தனியாகப் பேசினோம். அவர் போய் மன்னிப்புக் கேட்டார். கேட்ட பிறகும் அந்தச் சகோதரி மூன்று மாதம் ஆலயத்துக்கு வரவில்லை.

சட்டமும் இதை விளையாட்டாகக் கருதவில்லை. ஒருவருடைய உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ, வெளியிட்டாலோ, அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பாதிக்கப்பட்டவர் மிரட்டலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்; கொடுத்தால் மேலும் கேட்பார்கள். வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் செய்யலாம். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச இணையச் சேவையும் 2021 முதல் இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், நம் கருவியிலேயே அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை உண்டு. பெற்றோரே, பிள்ளை இப்படி ஒரு சிக்கலோடு வந்து நின்றால், ஏன் எடுத்தாய் என்ற கேள்வியை அன்று மட்டுமாவது தள்ளி வையுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள் மிரட்டுகிறவனிடம் திரும்பிப் போகிறார்கள்.

அந்தச் சகோதரி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அத்தையும் உடன் போனார். யாரும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. சில வாரங்களில் அழைப்புகள் நின்றன. பாலூட்டும் அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா என்று நம்மிடம் கேட்டார். அது உங்கள் பிள்ளையின் படம், அவர்கள் அனுப்பியதால் அது அவர்களுடையது ஆகிவிடாது என்று சொன்னோம். இப்போது அது பூட்டிய கோப்புறையில் இருக்கிறது.

நம் பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், இளைஞர் இயக்கத்தினர் பங்கு மண்டபத்தில் அமர்ந்து இந்த அமைப்புகளைச் சொல்லித் தருகிறார்கள். முதியோரும் வரலாம். கைபேசியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்களே வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே அழுத்துங்கள்.