'டைவேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்

ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டெனக் கொண்டு மனனஞ் செய்தல், பிறமொழி பயில்வார்க்குப் பெரியதோர் இடையூறாகும். 'டைவேட்' என்னும் ஆங்கில வினை இதற்கு நல்ல சான்று. அகராதி இதற்கு முதற்கண் கூறும் பொருள் 'வேறுபுறந் திருப்புதல்' என்பது. ஆற்றையும், போக்குவரத்தையும், பணத்தையும், கவனத்தையும் 'டைவேட்' செய்யலாம். ஆயின், ஒரு பேச்சாளர் அவையோரை 'டைவேட்' செய்தார் என ஆங்கில நூலொன்று கூறின், அவர்களை வழிதவறச் செய்தார் என்பது பொருளன்று. மகிழ்வித்தார் என்பதே பொருள். ஒரு வினை இவ்விரு பொருளையும் பெற்றது எங்ஙனம்?

இச்சொல்லின் பிறப்பிடம் இலத்தீன் மொழி. 'திருப்பு' எனப் பொருள்படும் 'வேர்த்தெரே' என்னும் வினையோடு, 'வேறாக' எனப் பொருள்படும் முன்னொட்டொன்று சேர, 'தீவேர்த்தெரே' என்பது பிறந்தது. அது பிரெஞ்சு மொழி வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. கவலையில் ஆழ்ந்த மனத்தைச் சற்றே வேறுபுறந் திருப்புதல் இன்பந் தருமாதலின், 17ஆம் நூற்றாண்டில் மகிழ்வித்தல் என்னும் பொருளும் நிலைபெற்றது. அழுங் குழந்தைக்கு நிலவைக் காட்டிப் பராக்குக் காட்டும் நம் தாய்மார் செயலில், இவ்விரு பொருளும் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க.

மணமுறிவைக் குறிக்கும் 'டிவோர்ஸ்' என்பதும் இதே இலத்தீன் வினையின் வழிவந்தது. ஒருங்கு சென்ற இருவர் வெவ்வேறு வழியில் திரும்புதல் என்பது அதன் கருத்து. செய்யுளைக் குறிக்கும் 'வேர்ஸ்' என்பது 'வேர்த்தெரே'யினின்று தோன்றியது. ஏர் திரும்பிப் புதுச்சால் இடுதல்போல, ஓரடி முடிய மற்றோரடி தொடங்குகின்றது. திருப்புதலைக் குறிக்கும் இவ்விலத்தீன் வினைக்கு இனமானது 'விருத்' என்னும் வடமொழி வினையடி. அதிற் பிறந்ததே நம் பாவினத்தின் பெயராகிய 'விருத்தம்'. தொலைவில் வழங்கும் இரு செய்யுட்பெயர்கள் ஒரே வேரினவாதல் வியத்தற்குரியது.

இனிப் பயன்பாட்டை நோக்குவாம். பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு முதல் மகாவலி நீரை வடக்கே திருப்பி வருவதும் 'டைவேர்ஷன்'. பொதுப்பணத்தை உரிய செலவினின்று விலக்குதலும் 'டைவேர்ஷன்'. முன்னையது வயலுக்கு நீர் தருவது. பின்னையது நம்பிக்கையைக் கெடுப்பது. சொல் தானாக நன்மை தீமை கூறுவதில்லை. எதனை, எதனின்று, எதன்பால் திருப்பினர் என்னும் மூன்று வினாக்களுக்கும் வாக்கியமே விடை தரும். ஆதலின், மாணாக்கர் அகராதியைப் புரட்டிய அளவில் அமையாது, சொல் நின்ற இடத்தையும் உற்றுநோக்கிப் பொருள் கொள்வாராக.