பழைய டீசல் கார்களில் மைலேஜ் கணக்கிடல்

இந்துஸ்தான் அம்பாசிடர் டீசல் போன்ற பழைய கார்களில் எரிபொருள் செலவைக் காட்டும் திரை கிடையாது. இவற்றின் மைலேஜ், டேங்கை நிரப்பிக் கணக்கிடப்படுகிறது. டேங்க் முழுதாக நிரப்பப்பட்டு ஓடோமீட்டர் அளவு குறிக்கப்படும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரம் அப்போது பிடித்த லிட்டரால் வகுக்கப்படும். 540 கிலோமீட்டருக்கு 36 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர்.

பிழை பெரும்பாலும் நுரையால் வருகிறது. டீசல் நிரப்பும்போது நுரைக்கும். நுரை மேலே வந்ததும் பம்ப் தானே நின்றுவிடும். இதனால் 2 லிட்டர் குறைவாகப் பிடித்தாலே இதே கார் 15.9 காட்டும். டீசலில் கலக்கும் திரவங்கள் பலன் தந்ததாகத் தோன்றுவதும் பல நேரம் இவ்வளவுதான். மூன்று முறை நிரப்பியதைச் சேர்த்து 1,620 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால், அதே 2 லிட்டர் பிழையில் மைலேஜ் 15.3 என்றே வரும். நுரை அடங்கவிட்டு நிரப்பினால் பிழை இன்னும் குறையும். வேறு அளவு டயர் பொருத்திய காரில் ஓடோமீட்டரே தவறான தூரத்தைக் காட்டும்.

பல முறை நிரப்பியும் மைலேஜ் தொடர்ந்து குறைந்தால் கோளாறு இருக்கலாம். கரும்புகையும் சேர்ந்து வந்தால் அடைத்த ஏர் ஃபில்டர் அல்லது தேய்ந்த இன்ஜெக்டர் காரணமாகலாம். புகை இல்லையெனில் டயர் காற்று, திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், விடாமல் பிடிக்கும் பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்குப் பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால், பெரும்பாலும் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்.