இரட்டைக் குழியா, செப்டிக் டேங்கா?

‘பெரிய டேங்காகக் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை’ என்று நினைப்பவர்கள் பலர். அது தப்புக்கணக்கு. டேங்க் என்றால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சியே தீர வேண்டும். ஆளை இறக்கினால் விஷவாயு உயிரைக் குடித்துவிடும். பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

லாரி நுழையாத தெருவுக்கு இரட்டை உறிஞ்சுகுழியே தோது. ஒன்று நிரம்பியதும் கழிவை அடுத்ததற்குத் திருப்பிவிடலாம். நிரம்பியதை இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால், மக்கி தென்னைக்கு உரமாகும். செங்கற்களுக்கிடையே சந்து விட வேண்டும். அடியில் கான்கிரீட் கூடாது. (கொத்தனார் பழக்கதோஷத்தில் பூசிவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.) கிணறு, போர்வெல்லிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

பாறை நிலத்துக்கும், தண்ணீர் மேலேயே நிற்கும் இடத்துக்கும் குழி ஆகாது, கசியாத டேங்க்தான். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.