சிறப்புக் கல்வியில் எம்.எட்.: நம் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்?

எம்.எட். படிக்கிறேன் என்றால் நம் தெருவில் எல்லாருக்கும் புரிகிறது. சிறப்புக் கல்வியில் எம்.எட். என்று சொன்னால்தான் குழப்பம் வருகிறது. 'ஸ்பெஷல்னா பீஸ் ஜாஸ்தியா?' என்று கேட்கிறார்கள். காது கேட்காத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர எதற்கு இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளுக்கு நர்சிங், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று வழிகாட்டுகிறவர்கள் இப்படி ஒரு படிப்பு இருப்பதை வாய் திறந்து சொல்வதே இல்லை.

படிப்பு இதுதான். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை வரையறுத்து, கல்லூரிகளுக்கு அனுமதி தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பிளஸ் டூவுக்குப் பிறகு டிப்ளமோ, பட்டத்துக்குப் பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட்., அதற்கும் மேல் எம்.எட். இந்த எம்.எட். 2 ஆண்டு, 4 பருவம். பாடங்களோடு ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். பி.எட். முடித்தவர் பிள்ளைக்குச் சொல்லித்தருகிறார். எம்.எட். முடித்தவர் அந்த ஆசிரியரை உருவாக்கும் இடத்துக்குப் போகலாம். கல்லூரியில் விரிவுரையாளராகலாம், பாடத்திட்டம் எழுதும் குழுவில் உட்காரலாம், ஆய்வு செய்யலாம். நம் பிள்ளைகள் அந்த வாசலுக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் இந்த வாரம் நாம் பேச வேண்டியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரை மட்டும் தனியே எடுத்தால் அது 2.45 விழுக்காடு. புள்ளிக்குப் பின்னால் வரும் வித்தியாசம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் அது சில லட்சம் உயிர்கள். கர்ப்பிணி கடைசி மாதம் வரை நாற்று நடுவதும், பிரசவத்துக்கு வண்டி கிடைக்காமல் நேரம் கடந்துபோவதும், செங்கல் சூளையில் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றுவதும் நமக்குத் தெரியாத கதைகளா? குறைபாடு எல்லாச் சாதியிலும் பிறக்கிறது. நேரத்துக்கு மருத்துவம் கிடைக்காத இடத்தில் அது தங்கிவிடுகிறது.

தங்கிய பிறகு என்ன நடக்கிறது? பெற்றோர் இருவரும் கரும்பு வெட்டப் போனால், எழுந்து நடக்க முடியாத பிள்ளை பாட்டியின் பொறுப்பில் பாயில் கிடக்கிறது. 'அது அப்பிடியேதான் பொறந்திச்சி' என்று பாட்டி முடித்துவிடுகிறார். அந்தப் பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தந்திருக்கிறது. கடும் குறைபாடு இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாநில அரசிடம் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்தில் இருக்கிறார். இவையெல்லாம் அந்தப் பாட்டியின் காதுக்கு எட்டவேண்டுமானால், அவருடைய மொழியில் பேசி, அவர் தரும் தண்ணீரை வாங்கிக் குடித்து, பக்கத்தில் உட்காரக்கூடிய ஒருவர் வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை ஊர்த்தெருவில் இருந்தால், 'இதுக்கு ஏதோ பிரச்சினை இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க' என்கிறார்கள். அதே பிள்ளை காலனியில் இருந்தால், 'இவனுங்களுக்குப் படிப்பு ஏறாது' என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறார்கள். கற்றல் குறைபாடு ஓரிடத்தில் மருத்துவமாகிறது, இன்னோரிடத்தில் சாதிக் குணமாகிறது. தலைகீழாகவும் நடக்கிறது. வேலைக்காக ஆறு மாதம் சூளையில் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளை பாடத்தில் பின்தங்கியிருக்கும். அதற்கு ஒரு குறையும் இல்லை, பள்ளி நாட்கள்தான் இல்லை. அதை 'மந்தம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

எது குறைபாடு, எது வாய்ப்பின்மை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவை சோதனைகள். நம் நாட்டில் நுண்ணறிவை அளக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பினே-காமத் சோதனை, வெளிநாட்டில் பிறந்து கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்துத் திருத்தப்பட்டது. சோதனைக் கேள்விகள் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வீட்டைக் கற்பனை செய்துகொண்டவை. ஆடு மேய்க்கும் பிள்ளை அறுபது ஆட்டையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லும். அந்த அறிவுக்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் இதே அநீதியை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனையின் பேரில் அவர்களின் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் தள்ளியதை எதிர்த்து லாரி பி. என்ற பெயரில் வழக்கு நடந்தது. அந்தச் சோதனைகளை வைத்து அப்படித் தள்ளக்கூடாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அங்கே கேள்வி கேட்கக் கறுப்பின உளவியலாளர்கள் இருந்தார்கள். இங்கே அந்தக் கேள்வியை ஆய்வேடாக எழுத நம்மில் எத்தனை பேர் எம்.எட். வகுப்பில் இருக்கிறார்கள்?

இருப்பவர்களில் ஒருவரைச் சந்தித்தோம். விழுப்புரத்திலிருந்து அதிகத் தூரமில்லாத காலனி ஒன்றைச் சேர்ந்தவர். அப்பா கரும்பு வெட்டும் தொழிலாளி. பெயர் வேண்டாம் என்றார். பி.எஸ்சி., பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட்., பிறகு நான்கு ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் சிறப்புப் பயிற்றுநர் வேலை. காலையில் ஒரு பள்ளி, மதியம் வீட்டுவழிப் பயிற்சி. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானதால் சம்பளத்தில் கொஞ்சம் மிஞ்சியது என்று சிரித்தார்.

வீட்டுவழிப் பயிற்சி பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். ஊர்த்தெருவில் ஒரு வீடு. மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுப் பிள்ளை நடுவீட்டில் படுத்திருக்கும். முதல் நாள் இவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் விடவில்லை. பிள்ளையை அம்மா தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் கிடத்துவார். அங்கேயே கை கால் பயிற்சி, அங்கேயே படம் காட்டிப் பேசவைப்பது. உட்காரும் நாற்காலியைச் சரிசெய்வது, சாப்பிடும்போது தலையைப் பிடிக்கும் முறை, கழிப்பறைப் பழக்கம் என்று வீட்டுக்குள் செய்ய வேண்டிய எதையும் அவர் செய்ய முடியவில்லை. மழைக்காலத்தில் திண்ணை நனைந்துவிடும், பயிற்சி நின்றுவிடும். 'மழையின் காரணமாகப் பயிற்சி நடைபெறவில்லை என்று பதிவேட்டில் எழுதுவேன் அண்ணா. பொய் இல்லையே' என்றார்.

அந்தத் திண்ணையில் யாருக்கு நட்டம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அவமானம் நம் பெண்ணுக்கு. ஆனால் நடக்கப் பழகாமல் போனது அவர்கள் வீட்டுப் பிள்ளை. தீண்டாமை சொந்தப் பிள்ளையின் காலையும் கட்டிப்போடுகிறது. எம்.எட். பாடத்தில் வீட்டுவழிக் கல்வி வருகிறது, குடும்ப ஆலோசனை வருகிறது. வாசலில் நிறுத்தப்படும் ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் தான் படித்ததில் இல்லை என்கிறார். இதையே ஆய்வேடாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சாதியெல்லாம் சமூகவியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பதில் வந்திருக்கிறது. இப்போது அவருடைய தலைப்பு 'வீட்டுவழிப் பயிற்சியில் குடும்பச் சூழலின் பங்கு'. குடும்பச் சூழல்! நல்ல சொல்தான். அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம், அவரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இந்த இரண்டாண்டுப் படிப்புக்காக அவர் தொகுப்பூதியத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பெரும்பாலோர் பி.எட்.டோடு நிற்பதற்குக் காரணம் இதுதான், ஆர்வக்குறைவு அல்ல. மாதம் வருகிற பணம் சிறிதென்றாலும் அதில்தான் தங்கையின் படிப்பும் அப்பாவின் மருந்தும் ஓடுகின்றன. ஊர்த்தெருவில் நிலம் உள்ள வீட்டுப் பெண் இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் படிக்கலாம், நம் வீட்டுப் பெண்ணால் முடியாது. கடைசியில் களத்தில் நடப்பவர்கள் நாமாகவும், களத்தைப் பற்றி வகுப்பெடுப்பவர்கள் மற்றவர்களாகவும் அமைந்துவிடுகிறது. துப்புரவில் பார்த்த அதே ஏணி, கொஞ்சம் படித்த ஏணி.

வேலைவாய்ப்பில் நம்பிக்கை தரும் ஒன்று நடந்திருக்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. மாநிலங்கள் மெத்தனமாக இருக்கவே, அதே வழக்கில் 2025 மார்ச்சில் நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்கவும், தகுதியோடு ஒப்பந்தத்தில் உழைப்பவர்களைக் குழு அமைத்துப் பரிசீலிக்கவும் உத்தரவிட்டது. நிரந்தரப் பணியிடம் வந்தால் இட ஒதுக்கீடும் கூடவே வரும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. தொகுப்பூதிய நியமனத்தில் இந்தக் கணக்கை யார் கேட்டோம்? இனி கேட்க வேண்டும். பணியிடம் கூடினால் ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகளும் கூடும், அங்கே பாடம் நடத்த எம்.எட். முடித்தவர்கள் தேவைப்படுவார்கள்.

சேர நினைக்கிற மாணவர்களுக்குச் சில செய்திகள். கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சிறப்புக் கல்வித் துறைகள் உள்ளன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலும், வெளிமாநிலத்தில் செகந்திராபாத்திலும் மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் இயங்குகின்றன. எந்த ஆண்டு, எந்தப் பிரிவுக்கு, எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதை மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். அந்த அனுமதி இல்லாத பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும். பொதுவாக, சிறப்புக் கல்வி பி.எட்.டில் 50 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அரசு விதிப்படி தளர்வு உண்டு. பொது பி.எட். படித்து, கூடவே சிறப்புக் கல்வி டிப்ளமோ வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பணம் பற்றி. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சுயநிதிக் கல்லூரியில் கல்விக் கட்டணத்துக்கு 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 துணை நிற்கிறது. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடரும் அதில் அடக்கம். ஆனால் மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவி கிடைக்காது. எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் பருவத்தில் கட்டணம் கட்டச் சொன்னதால் வெளியேறிய ஒரு மாணவரை நமக்குத் தெரியும். ஒரே நிலையில் வேறு பாடத்துக்கு மறுபடி உதவித்தொகை கிடையாது என்ற விதியும் இருக்கிறது. ஏற்கெனவே எம்.ஏ. முடித்தவர்கள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. வந்ததும் குறித்த நாட்களுக்குள் கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். வீட்டுக் கடனுக்கு அந்தப் பணத்தை எடுத்துவிட்டுத் தவிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அது கண்ணில் படாமல் இருக்கத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

டிப்ளமோ, பி.எட். முடித்தும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்க்காமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். சி.ஆர்.ஆர். எண் என்று சொல்வது இதைத்தான். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது சட்டப்படி குற்றம். மேற்படிப்பிலும் வேலையிலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். 5 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அதை இந்த வாரமே எடுத்துத் தேதியைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் எல்லாரும் ஒன்றாக வருவதால் தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருந்தே கடைசித் தேதி போய்விடுகிறது.