லடாக் பைக் ட்ரிப்: கிலோமீட்டரை விடுங்க, நாளை எண்ணுங்க



வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆன யாரைக் கேட்டாலும் இந்த ஆசை இருக்கும்: லடாக் போகணும், அதுவும் பைக்ல. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல "இந்த வருஷம் கண்டிப்பா"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். பத்து பேர் தம்ஸ் அப் போடுவாங்க. அடுத்த கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "மச்சி, பெட்ரோலுக்கு எவ்ளோ ஆகும்?"

பட்ஜெட் சறுக்குவது அங்கேதான். லடாக்கில் செலவைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் இல்லை, நாள்.

முதலில் ஊரைப் புரிஞ்சுக்கணும். இப்போது யூனியன் பிரதேசமாக இருக்கும் லடாக்கின் பரப்பு சுமார் 59,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 2.74 லட்சம்தான். அவ்வளவு பெரிய இடத்தில் அவ்வளவு குறைவான மக்கள் என்றால் பெட்ரோல் பங்க், ஏடிஎம், ஆஸ்பத்திரி எல்லாமே தள்ளித் தள்ளித்தான் இருக்கும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்று ஒரு ஊர். அங்கே பங்க்கில் இருக்கும் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" பலகை பைக்கர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். பேரே தாண்டி! டேங்க்கை நிரப்பாமல் தாண்டிடாதீங்க.

நிலமும் ஒரே மாதிரி இருக்காது. நுப்ரா பள்ளத்தாக்கில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் இருக்கு. அங்கே போக 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லாவைக் கடக்கணும். பாங்காங் ஏரியே 4,200 மீட்டருக்கு மேலே. கூகுள் மேப்பில் 150 கிலோமீட்டர் என்று பார்த்ததும் "ஈசிஆர்ல பாண்டிச்சேரி போற தூரம்தானே"ன்னு நினைப்போம். லேயிலிருந்து பாங்காங்குக்கு கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான், ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

இன்னொரு விஷயம் உயரம். நம்ம மாநிலத்திலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். நேரா ஃப்ளைட்டில் போய் இறங்கி அன்னைக்கே பைக்கை எடுத்தால் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வர வாய்ப்பு ரொம்ப அதிகம். முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோர்த்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதல் 48 மணி நேரம் ஓய்வு எடுக்கச் சொல்றாங்க. அந்த இரண்டு நாளில் ஓடுற கிலோமீட்டர் பூஜ்யம். ரூம் வாடகையும் சாப்பாடும் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். பெட்ரோல் கணக்கில் இந்த இரண்டு நாள் எங்கேயும் வராது.

சரி, "சொந்த பைக்லயே சென்னையிலிருந்து போனா காசு மிச்சம்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. சென்னை - மணாலி சுமார் 2,700 கிலோமீட்டர், மணாலி - லே சுமார் 430. போய் வந்து, உள்ளே சுற்றினால் மொத்தம் 6,900 கிலோமீட்டர் வரும். லிட்டருக்கு 30 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய். ஃப்ளைட்டுக்கு ஆகும் செலவே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டர் ஓட்டினாலும் மணாலி போகவே ஆறு நாள். மொத்தம் 24 நாள் ஆகிடும், அதில் 16 நாள் லீவ். கையில் அவ்வளவு லீவ் இல்லைன்னா சம்பளப் பிடித்தம்தான். மாதம் 39,000 வாங்குபவருக்கு ஒரு நாள் லீவ் 1,300 ரூபாய். சாலைப் பயணமே உங்க கனவு என்றால் தாராளமா போங்க, அது வேற அனுபவம். மிச்சம் பிடிக்கப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க.

வாரம் ஐந்து நாள் வேலை பார்க்கும் ஒருவருக்கு என் சாய்ஸ் இந்த 12 நாள் திட்டம். சனிக்கிழமை ஸ்ரீநகருக்கு ஃப்ளைட். அங்கிருந்து ஷேர் டாக்சியில் சோஜி லா வழியா கார்கில். இரவு அங்கே தங்கி, மூன்றாம் நாள் லே. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500 என்று படிப்படியா ஏறுவதால் உடம்புக்கும் நல்லது. இரண்டு நாள் ஓய்வு. அப்புறம் லேயிலேயே பைக் வாடகைக்கு எடுத்து ஐந்து நாள்: நுப்ரா, ஷியோக் வழியா பாங்காங், சாங் லா ஏறித் திரும்ப லே, கடைசியில் சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் நிம்மு, ஆல்ச்சி பக்கம். பதினோராவது நாள் காலியா இருக்கணும். பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை ஃப்ளைட். லீவ் எட்டு நாள்தான்.

பைக்கை ஏன் லேயில் எடுக்கணும்? மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கில் லே வரைக்கும் வரலாம். ஆனால் அதில் நுப்ரா, பாங்காங் போக லே வாடகை பைக்காரர்கள் விடுவதில்லை. மறுபடி ஒரு பைக் எடுக்க வேண்டி வரும், இரட்டை வாடகை!

இப்போ செலவு, ஒருத்தருக்கு. இது என் மதிப்பீடு, சீசனில் கூடலாம். ஃப்ளைட் போக வர 22,000. ஷேர் டாக்சி 3,000. ரூம் இரண்டு பேர் பகிர்ந்தால் 11 இரவுக்கு 14,300. சாப்பாடு 8,400. பைக் வாடகை 8,500. அனுமதி, நுழைவுக் கட்டணம் 1,500. பெட்ரோல், சுமார் 630 கிலோமீட்டருக்கு, வெறும் 2,100. கூட்டினால் 59,800. குரூப்ல எல்லாரும் முதலில் கேட்ட அந்த பெட்ரோல், மொத்தத்தில் நாலு சதவீதம்கூட இல்லை பாருங்க.

இதுக்கு மேல் 12,000 தனியா வைங்க. நிலச்சரிவில் ரோடு மூடினாலோ, வானிலை சரியில்லாமல் லே ஃப்ளைட் ரத்தானாலோ கூடுதல் ரூம், புது டிக்கெட் எல்லாம் இதிலிருந்துதான். 2023 ஜூலை வெள்ளத்தில் சண்டிகர் - மணாலி நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். லே - டெல்லி, டெல்லி - சென்னை இரண்டையும் தனித்தனி டிக்கெட்டா எடுத்தால் நடுவில் நல்ல இடைவெளி விடுங்க. முதல் ஃப்ளைட் தாமதமானதுக்கு இரண்டாவது டிக்கெட்காரர் பொறுப்பில்லை.

ஆக மொத்தம் 72,000. அடுத்த வருஷம் போறதா இருந்தால் இந்த மாதமே 6,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. 6.5 சதவீதம் கிடைத்தால் 12 மாதத்தில் வட்டியே சுமார் 2,500 வரும். அதே 72,000-ஐ 16 சதவீதத்தில் பர்சனல் லோனா இரண்டு வருஷத்துக்கு எடுத்தால் ஈஎம்ஐ சுமார் 3,525, வட்டி மட்டும் 12,600. ப்ராசசிங் கட்டணம் தனி. 12 நாள் ட்ரிப்புக்கு 24 மாதம் கட்டணும். எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க, அது வேலை போனால் சாப்பிட வைத்த காசு.

எல்டிஏ கிடைக்குமான்னு கேட்பீங்க. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான் வரிவிலக்கு, அதுவும் பயணக் கட்டணத்துக்குத்தான். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

வண்டியை எடுக்கும்போதே ஓனர் முன்னாடி நாலு பக்கமும் மொபைலில் வீடியோ எடுங்க. பழைய கீறலுக்கு உங்க டெபாசிட்டில் கை வைக்காமல் இருக்க இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்குன்னு நிம்மதியா இருக்காமல், மலையிலிருந்து நோயாளியைக் கொண்டுவரும் செலவு அதில் வருமான்னு பாலிசியைப் படிங்க.

கடைசியா, நிறைய பேர் மாட்டிக்கிற விஷயம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். சிம் இல்லைன்னா யுபிஐ இல்லை, பேங்க் ஓடிபியும் வராது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாடியே போஸ்ட்பெய்டுக்கு மாறுங்க. நுப்ரா, பாங்காங் நாட்களுக்கான பணத்தை லேயிலேயே ரொக்கமா எடுத்து வைங்க. அந்த 12 நாளில் எந்த ஈஎம்ஐ, எந்த எஸ்ஐபி, எந்த கார்டு பில் வருதுன்னு பார்த்து, அதுக்கான பணத்தை அந்தந்த அக்கவுண்டில் போட்டுட்டுக் கிளம்புங்க. பாங்காங் கரையில் உட்கார்ந்துகிட்டு ஈஎம்ஐ பவுன்ஸ் ஆனதை சரி பண்ண முடியாது.

உங்களுக்கு எத்தனை நாள் லீவ் இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க. ஏழு நாள்தான் கிடைக்கும்னு நிறைய பேர் சொன்னால், அதுக்கேத்த பட்ஜெட்டை அடுத்த வீடியோவில் போட்டுக் காட்டுறேன்.